தகரக் கூரைமேல் என் மரங்கள்

அறுபதைத் தாண்டிய என் வகுப்புத் தோழர்களே, செஞ்சியில் பிறந்து இன்றைக்கு எந்தெந்த ஊரிலோ பேரப்பிள்ளைகளுக்குப் பால் ஆற்றிக்கொண்டிருப்பவர்களே, முதலில் இந்த அநியாயத்தைக் கேளுங்கள்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து வருகிற வழியில் ஓர் அலுவலகத்தின் நீளமான மதில் இருக்கிறதே, அதில் மரம் மரமாக வரைந்துகொண்டிருக்கிறார்கள். ஊரை அழகுபடுத்துகிறார்களாம். என்ன மரங்கள் என்று நினைக்கிறீர்கள்? ஊசி ஊசியாக இலை விட்ட மரம், அதன் உச்சியில் பனி. பக்கத்தில் ரத்தச் சிவப்பில், விரல் விரித்த கை மாதிரி இலையோடு இன்னொன்று. செஞ்சியில்! சித்திரையில் பாறைமேல் கால் வைத்தால் தோல் உரிந்துபோகிற ஊரில், பனி மூடிய மரம்! அதற்கு அடியில் கொட்டை எழுத்தில் ‘மரம் வளர்ப்போம்’ என்று வேறு.

ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். சாரத்தின்மேல் நின்று வரைந்துகொண்டிருந்த பெயிண்டருக்கு நாற்பது வயது இருக்கும்.

“ஏம்பா, இது இன்னா மரம்?”

“தெரியலம்மா. போன்ல அனுப்பிச்சாங்க. அப்படியே போடச் சொன்னாங்க.”

“அதோ உனக்குப் பின்னால புங்க மரம் நிக்குது. அது நெழல்லதான் நீ சோறு துன்னப் போற. அதைப் போடக் கூடாதா?”

“கேட்டேம்மா. அது வேணாம்னுட்டாங்க. ஜனங்களுக்கு இதான் புடிக்குமாம்.”

“எந்த ஜனத்தைக் கேட்டாங்க?”

அவர் சிரித்துவிட்டு வெள்ளையில் தூரிகையைத் தோய்த்துப் பனி போட ஆரம்பித்தார். அவரைக் கோபித்து என்ன பயன்? எனக்குத்தான் வீடு வந்து சேர்கிறவரைக்கும் காது மடல் கொதித்தது. யாரையும் கேட்காமலே, அவர்களுக்கு இது பிடிக்கும், இது பிடிக்காது என்று முடிவு கட்டுகிற இந்தப் புத்தியை நான் ஏழாம் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். அந்தக் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். உங்களில் பாதிப் பேர் அன்றைக்கு அங்கே வரிசையில் நின்றவர்கள்தான்.

கடைத்தெரு முனையில் என் நைனா இஸ்திரி வண்டி போட்டிருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உங்கள் சீருடைகளில் முக்கால்வாசி அவர் கை பட்டு மடிந்ததுதான். கரி போடுகிற பித்தளைப் பெட்டி. அது துணிமேல் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டுமென்றால் அடியில் அவ்வப்போது மெழுகு தடவ வேண்டும். மற்ற வண்டிக்காரர்கள் மெழுகுவத்தித் துண்டைத் தேய்த்துக்கொள்வார்கள். நைனாவுக்கு அது ஆகாது, சட்டையில் பிசுக்கு ஒட்டும் என்பார். மலையிலிருந்து தேன் கொண்டுவந்து விற்கிறவரிடம் சொல்லிவைத்து, தேன் பிழிந்த அடையை உருக்கி வடிகட்டிய மெழுகை உருண்டையாக வாங்கி ஒரு கந்தல் துணியில் முடிந்து வைத்திருப்பார். வண்டிக்குப் பக்கத்தில் போனாலே அந்த வாசனைதான்: கரிப்புகை, கஞ்சி, சூடான பருத்தி, எல்லாவற்றுக்கும் அடியில் கொஞ்சம் தேன்.

மூடி கழன்று, கைப்பிடி வெடித்த பழைய பெட்டி ஒன்று வண்டிக்கு அடியில் கிடந்தது. ஒரு நாள் அதில் அணைந்துகொண்டிருந்த கரியைக் கொட்டி விளையாடினேன். அடிப்பாகத்தில் மெழுகைத் தடவினேன். வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலத் தூள் அதில் கொஞ்சம் சிந்திவிட்டது. திட்டு விழுமே என்று அவசரமாகத் துணிக்கடை அட்டை ஒன்றில் தேய்த்துத் துடைக்கப் பார்த்தேன். பெட்டியை மேலே தூக்கியபோது அட்டையில் ஓர் இலை இருந்தது. நரம்போடு, கிளை நரம்போடு, முழுசாக ஓர் இலை.

உங்களுக்கு நம்பிக்கை வராது. உருகிய மெழுகின்மேல் சூடான பெட்டியை அழுத்தி நேராகத் தூக்கினால், பிரிய மனமில்லாமல் மெழுகு இழுபட்டு, இழுபட்ட இடமெல்லாம் கிளை கிளையாகப் பிரிந்து நிற்கும். மெழுகு வாங்கிச் செய்து பாருங்கள். எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, பெட்டிதான் காட்டியது.

அப்புறம் என்னைப் பிடிக்க முடியுமா? கொட்டாங்குச்சிகளைத் தணலைச் சுற்றி வைத்து, ஒவ்வொன்றிலும் மெழுகை உருக்கினேன். ஒன்றில் நீலம். ஒன்றில் காவிக்கல். ஒன்றில் மஞ்சள் தூள். ஒன்றில் விளக்குக் கரி. மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை வரும், ஆனால் அது லேசில் வராது, கொஞ்சம் நீலம் கூடினால் குளத்துப் பாசி மாதிரி ஆகிவிடும். அம்மா வெள்ளிக்கிழமை தூபத்துக்கு வைத்திருந்த குங்கிலியத்தில் ஒரு சிட்டிகை போட்டால் மெழுகு இறுகிப் பளபளக்கும் என்பதையும் கண்டுபிடித்தேன். அம்மா குங்கிலியம் குறைகிறதே என்று கடைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியின் விளிம்பை நிமிர்த்தி இழுத்தால் அடிமரம். பெட்டியின் கூர்முனையால் இழுத்தால் கிளை. படுக்க வைத்துத் தூக்கினால் இலைகள்.

நைனா தடுக்கவில்லை. “மெழுவு தீந்துச்சுன்னா நீதான் மலைக்குப் போய் வாங்கியாரணும்” என்று மட்டும் சொன்னார்.

நான் போட்டதெல்லாம் நான் பார்த்த மரங்கள். வண்டிக்கு நிழல் தந்த புங்கன், பங்குனியில் எண்ணெய் தடவினாற்போல் தளிர் விட்டது. கோட்டைச் சுவரைப் பிளந்துகொண்டு முளைத்த அரசு, வேர் மட்டும் நாலு ஆள் நீளத்துக்குக் கல்லைக் கட்டிப் பிடித்திருக்கும். ராஜகிரி மலைக்கோட்டைக்குப் போகிற பாதையோரத்தில், ஓர் இலை இல்லாமல் உடம்பெல்லாம் காவிச் சிவப்பாகப் பூத்து நின்ற புரசு. தலையாட்டும் பனை. பனையோலைக்குப் பெட்டியை வட்டமாகத் திருப்பித் தூக்க வேண்டும்.

என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளை மறந்திருக்க மாட்டீர்கள். வேர்க்கடலை வாங்கி விற்கிற மல்லாட்டை மண்டிக்காரர் மகள். மேல்சித்தாமூர் ஜைனக் குடும்பம், தினமும் பஸ்ஸில் வருவாள். சாயங்காலம் பஸ் வருகிறவரைக்கும் எங்கள் வண்டியடியில் என்னோடு நிற்பாள். முதல் நாள் நான் மெழுகை உருக்கியபோது மூக்கைச் சுளித்து ஓரடி தள்ளிப்போனாள்.

“இது தேன் மெழுவுதான? நாங்க தேன் சாப்புட மாட்டோம். தேனீக்குப் பாவம்.”

எனக்குச் சங்கடமாகிவிட்டது. “அப்ப நான் போடக் கூடாதா?” என்றேன்.

அவள் நின்ற இடத்திலிருந்தே எட்டிப் பார்த்தாள். “நீ போடு. நான் தொட மாட்டேன். பாக்கறேன்.”

இவ்வளவுதான் விஷயம். இரண்டு சின்னப் பெண்கள் பஸ் வருவதற்குள் பேசி முடித்த விஷயம். இதைத்தான் பெரியவர்கள் என்ன பாடு படுத்தினார்கள் என்று பாருங்கள்.

அவர்கள் களத்துமேட்டில் ஓர் இலுப்பை மரம் இருந்தது. கல்யாணத் துணிகளை எடுத்துக்கொண்டு நைனாவோடு அங்கே போயிருந்தபோது நானும் அதனடியில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தத் தை மாதம் கரண்ட் கம்பி இழுக்க வழியில்லை என்று அதை வெட்டிவிட்டார்கள். மண்டிக்காரர் சரக்கு விஷயமாக வெளியூர் போயிருந்த நேரம். பங்காளிகள், அவருக்கும் கரண்ட் வேண்டியதுதானே, அவர் என்ன சொல்லிவிடப் போகிறார் என்று அவரைக் கேட்காமலே சம்மதம் சொல்லிவிட்டார்கள். திரும்பி வந்தவர் அடிக்கட்டைமேல் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தானாம், சாப்பிடக் கூப்பிட்டதற்கு எழுந்திருக்கவில்லையாம். இதைச் சொல்லிவிட்டு அவள் ஒரு வெற்று அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

“அந்த மரத்தைப் போடுறியா? எங்க நைனாவுக்குக் காட்டணும்.”

மெழுகில் நான் போட்ட மரங்களிலேயே பெரிய அட்டை அதுதான். அவள் ஓரடி தள்ளி நின்றுகொண்டு ஒரு ஈர்க்குச்சியால் காற்றில் வழி காட்டினாள். “அந்தக் கெள இவ்ளோ ஒசரத்துல இல்ல, தாழ்வா தொங்கும். தரையத் தொட்டுட்டு மறுபடி எழுந்திருக்கும்.” நான் அழித்து அழித்துப் போட்டேன். மெழுகில் அதுதான் வசதி, பிடிக்காவிட்டால் திரும்பச் சுட வைத்து இளக்கிவிடலாம். பங்குனி இலுப்பைத் தளிர் செம்பு நிறத்தில் இருக்கும் அல்லவா, அதற்குக் காவியும் மஞ்சளும் கலந்து வந்த நிறத்தைப் பார்த்து அவள் கையைத் தட்டினாள். கடைசிவரை அவள் மெழுகைத் தொடவே இல்லை. ஆனால் அந்தப் படத்தில் பாதி அவளுடையது.

அந்த வருஷம் முழுப்பரீட்சைக்கு முன்னால் பள்ளியில் கண்காட்சி வைத்தார்கள். தலைப்பு ‘எங்கள் ஊர் மரங்கள்’. டிராயிங் சார் என் அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல மனுஷன்தான், அதை மறைக்க மாட்டேன். “யாரும்மா சொல்லிக் குடுத்தது?” என்று கேட்டுவிட்டு, வாசலுக்கு நேரே இருந்த சுவரில் ஆணி அடித்துத் தன் கையாலேயே மாட்டினார். இலுப்பை நடுவில். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சந்தோஷத்தில் அப்படி ஆகும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

திறந்து வைக்க அழைத்திருந்தது மண்டிக்காரரை.

காலையில் நைனா மேஜை விரிப்பைத் தேய்த்து எடுத்துக்கொண்டு வந்தார், நானும் கூடவே. டிராயிங் சார் படங்களுக்கு முன்னால் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். வெயில் ஏற ஏற மெழுகு வாசனை விட ஆரம்பித்திருந்தது.

“இன்னாம்மா வாசனை இது? எதுல போட்டே?”

“தேன்மெழுகு சார்” என்றேன், பெருமையாகத்தான்.

தலையில் அடித்துக்கொண்டார். “அய்யய்யோ! வர்றவரு யாருன்னு தெரியுமா? அவங்க தேனைக் கண்ணால பாக்க மாட்டாங்க. அவரு மூஞ்சிக்கு நேரா இதைக் கொண்டாந்து மாட்டி வெச்சிருக்கிறோமே! எவ்ளோ பெரிய அவமானம்!”

“சார், அவருக்குத் தெரியும் சார். அவரு பொண்ணுதான்...”

“நீ சும்மா இரு. சின்னப் புள்ளைக்கு இதெல்லாம் புரியாது.”

நான் நைனாவைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். அவர் விரிப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, “சார் சொல்றது கரெக்டு தானம்மா. பெரிய மனுசன் மனசு நோவக் கூடாது. தப்பா நெனைச்சுக்காதீங்க சார், கொழந்த தெரியாம பண்ணிடுச்சு” என்றார்.

தெரியாமல் பண்ணினேனாம்! எனக்கும் அவளுக்கும் தெரிந்த அளவுக்கு அந்தப் பள்ளியில் வேறு யாருக்காவது தெரிந்ததா? இத்தனை வருஷம் கழித்தும் அந்த ஒரு வார்த்தைக்காக நைனாவின் படத்துக்கு முன்னால் நின்று சண்டை போடுகிறேன். அவருக்குப் பொட்டு வைக்கும்போதே சண்டை போடுகிறேன்.

சார் படங்களைக் கழற்றினார். எங்கே வைப்பது? அறைகளில் வைத்தால் வாசனை வரும், பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டால்? சைக்கிள் ஷெட்டுக்குப் பக்கத்தில் பெஞ்சைப் போட்டு ஏறி, ஒவ்வொன்றாகத் தகரக் கூரைமேல் தள்ளினார். பங்குனி மாதம். செஞ்சி. தகரம். “சாயங்காலம் எடுத்துக்கலாம்மா, பத்திரமா இருக்கும்” என்று இறங்கி வந்து என் தலையைத் தடவினார். மெழுகு வெயிலில் உருகும் என்பது அந்தப் படித்த மண்டைக்குத் தோன்றவே இல்லை. எனக்குத் தோன்றியது. சொல்ல வாயெடுத்தேன். “போ, போய் வரிசையில நில்லு” என்றார்.

மண்டிக்காரர் மகள் பள்ளியின் வெளிவாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றிருந்ததால் இது எதுவும் அவளுக்குத் தெரியாது. அவள் அப்பா உள்ளே வந்தார். வெள்ளை வேட்டி, என் நைனா தேய்த்தது. சுவரோரமாக ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், நடுச்சுவரில் ஆணிகள் மட்டும் நிற்கிற இடத்தில் நின்றுவிட்டார்.

“இங்க இன்னா இருந்துச்சு?”

“ஒண்ணுமில்லீங்க. சொவத்துல சுண்ணாம்பு சரியா காயல” என்றார் டிராயிங் சார்.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் அந்த ஆணிகளையே பார்த்தார். பிறகு கூட்டத்தில் எதையோ தேடுகிற மாதிரி சுற்றிலும் பார்த்தார். நான் வரிசையில், அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில், வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஏழாம் வகுப்புப் பெண் வேறென்ன செய்வாள்?

சாயங்காலம் பெஞ்சு போட்டு ஏறியபோது கூரைமேல் மரம் எதுவும் இல்லை. புங்கன் அரசுக்குள் வழிந்திருந்தது. புரசின் சிவப்பு தகரத்தின் மடிப்பில் ஓடி, விளிம்பில் சொட்டி, யாருடைய சைக்கிள் சீட்டிலோ உறைந்திருந்தது. பனை அட்டையோடு தகரத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. இலுப்பை அட்டையை மட்டும் பிய்த்து எடுத்தேன். செம்பும் கரியும் பச்சையும் குழம்பி ஒரே மண் நிறம்.

மண்டிக்காரர் மகள் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். நான்தான் கோபத்தில் படங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டேன் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். அதுவும் போதாதென்று, பெட்டியும் கொட்டாங்குச்சியும் இருந்தால்தானே மறுபடி வம்பு வரும் என்று அம்மா அந்தப் பழைய பெட்டியைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டாள். நான் பள்ளியிலிருந்து வருவதற்குள் அது போய்விட்டது. இன்றைக்கும் எங்காவது பழைய பித்தளைப் பெட்டியை அலங்காரத்துக்கு வைத்திருக்கிற வீட்டுக்குப் போனால், கைப்பிடி வெடித்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன்.

அடுத்த வாரம் மண்டிக்காரரே வண்டிக்கு வந்தார். அவர் வீட்டுத் துணிகளை ஆள்தான் கொண்டுவருவார், அவர் வந்ததே இல்லை. நைனா பதறிப்போய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை.

“எங்க களத்துமேட்டு இலுப்பைய உன் பொண்ணு போட்டிருக்குதாமே. அதைப் பாக்கத்தாம்பா நான் அன்னிக்கு ஒத்துக்கினு வந்தேன். சொவத்துல காணல.”

நைனா கையைப் பிசைந்தார். “அது... தேன்மெழுவுல போட்டதுங்க. உங்க மனசு கஷ்டப்படும்னு சார்தான்...”

“தேன்மெழுவுன்னு எனக்குத் தெரியுமே. எம் பொண்ணு அதைச் சொல்லிட்டுத்தான் படத்தைப் பத்தியே சொன்னா.” துண்டை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். “வூட்ல மாட்டுவேனான்னா, மாட்ட மாட்டேன். அது எங்க வழக்கம். நின்னு பாக்கறதுக்கு இன்னா? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?”

“உங்ககிட்டப் போய் எப்படிங்க கேக்கறது...”

“வாயாலதான்” என்றார் அவர்.

நான் வண்டிக்கு அடியில் நுழைந்து அந்த அட்டையை எடுத்து வந்தேன். நைனா கண்ணால் தடுத்தார், நான் நிற்கவில்லை. அவர் அதைக் கையில் வாங்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். மண் நிறம், ஒரு மூலையில் கொஞ்சம் நீலம், அவ்வளவுதான் அதில் இருந்தது. பார்க்கிறவர் முகம் சுளிப்பார், அல்லது பரவாயில்லை போம்மா என்பார் என்று நினைத்தேன்.

“இதுல எது மேல்பக்கம்மா?” என்று கேட்டார்.

தலைகீழாகப் பிடித்திருந்தேன் போலிருக்கிறது. திருப்பிப் பிடித்தேன். “இது வானம். இங்கதான் கெள தாழ்வா வந்து தரையத் தொடும்” என்று மோவாயால் காட்டினேன், கை காலியாக இல்லையே.

“ஆமா. அந்தக் கெளையிலதான் எங்கம்மா எனக்குத் தூளி கட்டுவாங்களாம்” என்றார். நைனாவின் கரிப்பெட்டி துணிமேல் வைத்தது வைத்தபடி இருந்து, துணி தீய்கிற வாசனை வருகிறவரைக்கும் அவர் குனிந்தபடியே இருந்தார். மறுநாள் மண்டிக்காரர் மகள் பெஞ்சில் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, தன் டிபன் பாக்ஸைத் திறந்து என் முன்னால் வைத்தாள்.

மதில் விஷயத்துக்கு வருகிறேன். அந்த அலுவலகத்துக்குள்ளேயே போய்க் கேட்டேன். கண்ணாடி போட்ட ஒரு தம்பி மரியாதையாகத்தான் பேசினார். “எல்லாருக்கும் புடிக்கிற மாதிரி இருக்கட்டும்னுதாங்கம்மா” என்றார். எல்லாரும் என்றால் யார், எங்கே வைத்துக் கேட்டீர்கள் என்றேன். மேலதிகாரியிடம் சொல்கிறேன் என்றார். நேற்றுப் பார்த்தேன், பனி மரத்துக்குப் பக்கத்தில் ஒரு மான் வந்திருக்கிறது, நம் ஊர் மானும் இல்லை. நீங்களும் ஊருக்கு வரும்போது ஆளுக்கு ஒரு தரம் உள்ளே போய்க் கேளுங்கள். வெட்கப்படாதீர்கள், வாயால்தான் கேட்க வேண்டும்.

இலுப்பை அட்டை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கூடத்தில் மாட்டியிருக்கிறேன். மருமகள் மூன்று தடவை தூக்கிப் போடப் பார்த்தாள். வருகிறவர்கள், “இன்னாதுங்க இது, கறையா?” என்கிறார்கள். சிலர் தண்ணீர் பட்டுவிட்டதா என்கிறார்கள். வெளிநாட்டுப் படமா என்று கேட்டவர்களும் உண்டு. நான் எல்லாருக்கும் இலுப்பை மரம் என்றுதான் பதில் சொல்கிறேன், அவர்களும் தலையை ஆட்டிவிட்டுக் காபியைக் குடிக்கிறார்கள். எது மேல்பக்கம் என்று கேட்டவர் இந்த ஊரில் இதுவரை அவர் ஒருவர்தான்.